தொகுதி தேடி அலைந்த சர்ச்சில்

வாக்குச்சீட்டின் கதை – 9

"உலகப் போரில் ஜெயித்துக் கொடுத்தவரையே மக்கள் தேர்தலில் தோற்கடித்துவிட்டார்கள்." தோற்றுப்போன கட்சிக்கு ஆறுதல் சொல்ல நம் ஊர் மேடைகளில் இன்றும் எடுத்துவிடப்படும் உதாரணம் இது. பாதிதான் சரி. 1945 ஜூலை 26ஆம் தேதி வாக்குகளை எண்ணியபோது ஆட்சியை இழந்தது வின்ஸ்டன் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி. சர்ச்சிலோ தன் தொகுதியில் 17,200 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

அவர் நிஜமாகவே மண்ணைக் கவ்விய தேர்தல்கள் வேறு. ஒன்றல்ல, ஐந்து. அவற்றைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. 1899 முதல் 1959 வரை 21 முறை களத்தில் நின்றவர் அவர். 16 முறை வென்றார். ஐந்து தொகுதிகளுக்கு உறுப்பினராக இருந்தார். கன்சர்வேட்டிவிலிருந்து லிபரலுக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி கன்சர்வேட்டிவுக்கே தாவினார். நடுவில் கட்சிச் சின்னமே இல்லாமலும் நின்று பார்த்தார். ஐந்து தோல்விகளும் ஐம்பது வயதைத் தொடும் முன்பே வந்துவிட்டன. அதன்பின் நாற்பது ஆண்டுகள் தோல்வியே கிடையாது. ஆள் மாறிவிட்டாரா, தொகுதி மாறியதா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. சென்ற இதழில் பார்த்த கிளாட்ஸ்டன் ஒரு மிட்லோதியன் பிரசாரத்தால் நாட்டையே கலக்கினார். சர்ச்சிலின் கதையில் அப்படி ஒரு பெருமிதமான கட்டம் கிடையாது. தட்டுத் தடுமாறி எழுந்த கதை இது.

முதல் தொகுதி ஓல்டம். லங்காஷயர் மாவட்டத்தின் பஞ்சாலை நகரம். பெங்களூர் பாளையத்தில் குதிரைப்படை அதிகாரியாக இருந்து போலோ ஆடிக்கொண்டும் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைப் படித்துக்கொண்டும் இருந்த சர்ச்சில், 1899இல் ராணுவத்தை விட்டு விலகி ஊர் திரும்பினார். (பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வசூலாகாத கடன் பட்டியலில் அவர் பெயர் ஏறிய பேரேட்டை கிளப் இன்றும் பெருமையாகக் காட்டுகிறது.) வயது 24. தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்து, அவசரப்பட்டு ராஜினாமா செய்து, அரசியலில் அணைந்துபோனவர். மகனிடம் இருந்தது அந்தப் பெயரும் வாயும்தான்.

ஓல்டம் இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. முதலில் வரும் இருவர் உறுப்பினர்கள். உறுப்பினர்களில் ஒருவர் திடீரென இறந்தார், இன்னொருவர் உடல்நலம் குன்றி விலகினார். ஆக ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கும் இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு வினோத ஜோடியை இறக்கியது. ஒருவர் மார்ல்பரோ பிரபுவின் பேரன். மற்றவர் ஜேம்ஸ் மாட்ஸ்லி, நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அரண்மனையும் ஆலையும் கைகோத்தால் இரு பக்க வாக்குகளும் வரும் என்பது கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. ஆங்கிலிகன் பாதிரியார்களுக்கு வரிச்சலுகை தரும் மசோதா ஒன்றை அவர்களுடைய அரசு அப்போதுதான் கொண்டுவந்திருந்தது. ஓல்டமிலோ அந்தத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்கள் ஏராளம். பிரசாரத்தின் நடுவில் எதிர்ப்பைக் கண்ட சர்ச்சில், "நான் இந்த மசோதாவை ஆதரிக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டார். எதிரணி கைகொட்டிச் சிரித்தது. சொந்தக் கட்சி பல்லைக் கடித்தது. லிபரல் வேட்பாளர்கள் எம்மட்டும் ரன்சிமனும் 12,976, 12,770 வாக்குகள் பெற்றார்கள். சர்ச்சிலுக்கு 11,477. தோழர் மாட்ஸ்லிக்கு அதைவிட 28 குறைவு.

மூன்றே மாதம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். பத்திரிகை நிருபராகப் போன சர்ச்சில், கவசரயில் ஒன்றில் சென்றபோது போயர்களிடம் சிக்கினார். பிரிட்டோரியா சிறையிலிருந்து டிசம்பர் 12 இரவு சுவரேறிக் குதித்துத் தப்பினார். தலைக்கு 25 பவுண்டு விலை. தெரியாத நாட்டில் இருட்டில் அலைந்து, வெளிச்சம் தெரிந்த ஒரு நிலக்கரிச் சுரங்க மேலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். சுற்று வட்டாரத்தில் அவரைக் காட்டிக்கொடுக்காத வீடு அது ஒன்றுதான் என்று பின்னாளில் சொன்னார்கள். அவரைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஒளித்து வைத்த பொறியாளர் டான் டியூஸ்னாப். அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? ஓல்டம்! அடுத்தமுறை எல்லாரும் உனக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று அந்த இருட்டிலேயே அவர் தைரியம் சொன்னதாக சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

இதை விடக் கனகச்சிதமான தேர்தல் முதலீடு கிடைக்குமா? 1900இல் ஓல்டம் திரும்பிய சர்ச்சில், அரங்கம் நிறைந்த கூட்டத்தில் தப்பிய கதையைச் சொன்னார். டியூஸ்னாப்பின் பெயர் வந்ததும், அவருடைய மனைவி இதோ மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கூட்டம் கத்தியது. போர்ச் சூட்டோடு சூடாக அரசு நடத்திய அந்தப் பொதுத்தேர்தலுக்கு ராணுவச் சீருடையின் நிறத்தை வைத்து 'காக்கித் தேர்தல்' என்றே பெயர். அவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகும் வெற்றி மயிரிழைதான். எம்மட் 12,947 வாக்குகளுடன் முதலிடம். சர்ச்சில் 12,931. ரன்சிமனை 222 வாக்குகளில் முந்தி இரண்டாவதாக உள்ளே நுழைந்தார்.

அன்றைய பிரிட்டனில் பொதுத்தேர்தல் ஒரே நாளில் நடக்காது. ஊருக்கு ஒரு நாளாக வாரக்கணக்கில் இழுக்கும். நம்முடைய பல கட்டத் தேர்தல் மாதிரிதான், ஒரு வித்தியாசம்: முடிவுகளையும் அன்றன்றைக்கே அறிவித்துவிடுவார்கள். ஓல்டம் முதல் நாட்களிலேயே வாக்களிக்கும் ஊர். அங்கே கன்சர்வேட்டிவ் ஓர் இடத்தைப் பறித்துவிட்டது என்றதும், இன்னும் வாக்களிக்காத ஊர்களின் தலைவர்கள் எல்லாம் இந்த 25 வயதுப் பையனைத் தங்கள் மேடைக்கு இழுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் அவர் சபைக்கு ஓடவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்ச் சொற்பொழிவு நிகழ்த்திப் பணம் சேர்த்தார். 1911 வரை எம்.பி.க்களுக்குச் சம்பளமே கிடையாது என்பதை நினைவில் வைத்தால் அந்த அவசரம் புரியும்.

ஓல்டம் மக்கள் கன்சர்வேட்டிவாக அனுப்பியவர் நான்கே ஆண்டில் லிபரலாகிப் போனார். வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கவரி போட வேண்டும் என்று ஜோசஃப் சேம்பர்லின் கட்சியைத் திருப்பினார். தடையற்ற வணிகமே சரி என்று சர்ச்சில் முரண்டு பிடித்தார். 1904 மே 31 அன்று சபைக்குள் வந்தவர், ஆளுங்கட்சி வரிசைக்குப் போகாமல் எதிர்வரிசைக்கு நடந்து லிபரல் உறுப்பினர் லாயிட் ஜார்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்சித்தாவல் தடைச் சட்டமெல்லாம் கிடையாது. கொள்கைக்காகத்தான் தாவினார் என்பதை மறுக்க முடியாது. லிபரல் கட்சி ஆட்சிக்கு வரப்போகிறது என்று காற்று சொல்லிக்கொண்டிருந்ததையும் மறுக்க முடியாது.

அடுத்த தொகுதி வடமேற்கு மான்செஸ்டர். தடையற்ற வணிகத்தின் தலைநகரம். 1906 ஜனவரியில் வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸை 1,241 வாக்குகளில் தோற்கடித்தார். லிபரல் அலை நாடெங்கும் அடித்த தேர்தல் அது.

இரண்டாண்டில் இன்றைய வாசகருக்கு விசித்திரமாகப்படும் ஒரு விதி அவரைக் கவிழ்த்தது. எம்.பி. ஒருவர் புதிதாக அமைச்சரவையில் சேர்ந்தால், பதவியை விட்டு விலகித் தொகுதியில் மறுபடி நின்று ஜெயித்து வர வேண்டும். அரசர் பதவிகளைக் காட்டி உறுப்பினர்களை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பூட்டு அது. 1926இல்தான் முற்றாக நீங்கியது. 1908 ஏப்ரலில் சர்ச்சில் வர்த்தக வாரியத் தலைவராக முதன்முறை அமைச்சரவைக்குள் நுழைந்தார். மான்செஸ்டரில் இடைத்தேர்தல். எதிரில் அதே ஜாய்ன்சன்-ஹிக்ஸ்.

மான்செஸ்டர் வேறொரு வகையிலும் ஆபத்தான ஊர். பெண் வாக்குரிமைப் போராளிகளான பாங்கர்ஸ்ட் குடும்பத்தின் ஊர் அது. 1905இல் அங்கே நடந்த லிபரல் கூட்டத்தில் எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டதற்காக கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் ஆலைத் தொழிலாளி ஆனி கென்னியும் வெளியே இழுத்துச் செல்லப்பட்டு, சிறைக்கும் போனார்கள். அன்றிலிருந்து லிபரல் அமைச்சர் எவர் எந்த மேடை ஏறினாலும் அந்தக் கேள்வி துரத்தியது. சர்ச்சிலின் கூட்டங்களில் விடாமல் துரத்தியது. வாக்கே இல்லாதவர்கள் ஒரு தேர்தலின் போக்கை எப்படி மாற்ற முடியும் என்று கேட்கலாம். கூட்டத்தை நடத்தவிடாமல் செய்தார்கள், வாக்குள்ள ஆண்களிடம் வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். விலைவாசி, வேலையின்மை, அரசின் மீதான சலிப்பு எல்லாம் சேர்ந்தன. ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 5,417, சர்ச்சில் 4,988. அமைச்சராகி இரண்டு வாரத்தில் எம்.பி. பதவி போயிற்று.

தோல்வி அறிவித்த சூடு ஆறும் முன்பே ஸ்காட்லாந்திலிருந்து தந்தி வந்தது. டண்டீ நகர லிபரல்கள் அழைத்தார்கள். அங்கே இருந்த உறுப்பினர் பிரபுக்கள் சபைக்குப் போனதால் இடம் காலி. சர்ச்சில் ரயிலேறினார்.

டண்டீயை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வங்காளத்துச் சணல் கப்பலேறிப் போய் சாக்கும் படுதாவுமாக மாறிய ஊர் அது. ஹூக்ளி நதிக்கரை ஆலைகள் வளர வளர டண்டீ ஆலைகள் தேய்ந்தன. கல்கத்தாவின் கூலியோடு போட்டி போட்டே அந்த ஊர்த் தொழிலாளியின் கூலி தீர்மானமானது. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவன் வீட்டில் அடுப்பைப் பார்க்க, மனைவி தறிக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. நெருக்கடி, வறுமை, குடி. இந்த ஊர் ஒரு பிரபுவின் பேரனுக்கு 'ஆயுள் தொகுதி' ஆகும் என்று அவரே நம்பினார். தாய்க்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் சொன்னார்.

1908 மே 9இல் வெற்றி எளிதாகவே வந்தது: 7,079 வாக்குகள். மேரி மலோனி என்ற அயர்லாந்துப் பெண் மட்டும் பெரிய கைமணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் போன இடமெல்லாம் போனார். சர்ச்சில் வாயைத் திறந்தால் மணி அடிக்கும். ஒரு கூட்டத்தில் பேசவே முடியாமல் திரும்பினார். அந்த முடிவுப் பட்டியலின் கடைசியில் 655 வாக்குகளோடு ஒரு பெயர்: எட்வின் ஸ்க்ரிம்ஜர், மதுவிலக்குக் கட்சி. யாரும் கவனிக்கவில்லை.

ஸ்க்ரிம்ஜர் டண்டீயில் பிறந்து வளர்ந்தவர். பக்திமான். சாராயக்கடைகள் மூடினால் ஏழையின் வீட்டில் விளக்கெரியும் என்பது அவருடைய ஒற்றை அரசியல். சமதர்மமும் அதில் கலந்திருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் சர்ச்சிலுக்கு எதிராக நின்றார். 1910 ஜனவரியில் 1,512 வாக்கு. அதே ஆண்டு டிசம்பரில் 1,825. கலிபோலிப் படையெடுப்பின் தோல்விக்குப் பழி சுமந்து ஒதுக்கப்பட்டிருந்த சர்ச்சில் 1917இல் ஆயுத உற்பத்தி அமைச்சராகத் திரும்பியபோது, அதே பழைய விதிப்படி மறுபடி இடைத்தேர்தல். ஸ்க்ரிம்ஜர் மறுபடி நின்றார்: 2,036. ஆரம்பத்தில் சிரித்த ஊர், இந்த மனிதர் எங்கேயும் போக மாட்டார் என்று மெல்லப் புரிந்துகொண்டது. சர்ச்சில் லண்டனில் இருந்தார். ஸ்க்ரிம்ஜர் தெருமுனையில் இருந்தார்.

1918இல் சட்டம் மாறியது. 21 வயது ஆண்கள் எல்லாருக்கும், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கும் வாக்குரிமை. டண்டீயின் வாக்காளர் பட்டியல் பல மடங்கு பெருத்தது. டண்டீயும் ஓல்டம் போல இரட்டை உறுப்பினர் தொகுதி என்பதால், வாக்கே இல்லாமல் மணியடித்த பெண்களில் பலர் கையில் இப்போது இரண்டு வாக்குகள். ஸ்க்ரிம்ஜருக்கு 10,423 விழுந்தது. போர் வெற்றி அலையில் சர்ச்சில் தப்பித்துவிட்டதால் அதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளவில்லை.

1922 இலையுதிர்காலம். அக்டோபர் 19 அன்று லாயிட் ஜார்ஜின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அதற்கு முந்தைய நாள்தான் சர்ச்சிலுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. பிரசாரத்துக்குப் போக முடியவில்லை. மனைவி கிளமென்டைன் ஏழு வாரக் குழந்தையோடு டண்டீக்குப் போனார். ஆலைத் தெருக்களில் அவர்மேல் எச்சில் துப்பினார்கள். தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது சர்ச்சில் வந்து சேர்ந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய கூட்டம் ஒன்றில் இளைஞர்கள் போட்ட கூச்சலில் பேச்சையே நிறுத்த வேண்டியதாயிற்று. உள்ளூர்ப் பத்திரிகைகளும் கைவிட்டன. வேலையில்லாத ஜனம், போரிலிருந்து திரும்பிச் சோறில்லாமல் நின்ற சிப்பாய்கள், அயர்லாந்தில் அவர் அனுப்பிய துணைப்படைகளின் அட்டூழியத்தை மறக்காத அயர்லாந்து வம்சாவளியினர் என்று அவர்மேல் கோபம் இல்லாத தரப்பைத் தேடத்தான் வேண்டும்.

ஸ்க்ரிம்ஜர் 32,578. தொழிற்கட்சியின் இ.டி. மாரெல் 30,292. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபால்டு நடத்திய கொடுமைகளை உலகுக்கு அம்பலப்படுத்தியவர் இந்த மாரெல். சர்ச்சில் 20,466 வாக்குகளுடன் நான்காமிடம். ஸ்க்ரிம்ஜர் ஆறாவது முயற்சியில் ஜெயித்து, மதுவிலக்கை மட்டுமே கொடியாகப் பிடித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் போன முதலும் கடைசியுமான உறுப்பினர் ஆனார். அவர் கொண்டுவந்த மதுவிலக்கு மசோதாவுக்கு 14 வாக்குகள்தான் கிடைத்தன என்பது வேறு விஷயம். பதவி போச்சு, தொகுதி போச்சு, கட்சி போச்சு, குடல்வாலும் போச்சு என்று சர்ச்சில் தன்னைத்தானே கேலி செய்துகொண்டார். வடு ஆறவில்லை. 1943இல் டண்டீ நகரசபை ஒரே வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் போட்டு, போர்க்காலப் பிரதமருக்கு நகரின் கௌரவக் குடிமகன் பட்டம் தர முன்வந்தது. வேண்டாம் என்று பதில் போனது.

1923 டிசம்பரில் அடுத்த பொதுத்தேர்தல். மேற்கு லெஸ்டரில் லிபரலாக நின்றார். எதிராளி தொழிற்கட்சியின் ஃபிரெடரிக் பெத்திக்-லாரன்ஸ். பெண் வாக்குரிமைப் போராட்டத்துக்காக மனைவியோடு சேர்ந்து பத்திரிகை நடத்தி, 1912இல் சிறைக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து, குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டவர். 13,634க்கு 9,236 என்று தோற்கடித்தார். இந்தப் பெயரை இந்திய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1946இல் அமைச்சரவைத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, அதிகாரத்தைக் கைமாற்றுவது பற்றிப் பேச டெல்லிக்கு வந்திறங்கிய இந்தியா மந்திரி இவர்தான். இந்தியாவை விடவே கூடாது என்று முழங்கிய மனிதரைத் தேர்தலில் வீழ்த்தியவரே இந்தியாவை விடும் பேச்சுக்கு வந்தார். வரலாறு எப்போதாவது இப்படிக் கதாசிரியர் வேலையும் பார்க்கும்.

தொழிற்கட்சியை ஆட்சியில் உட்கார வைக்க லிபரல்கள் துணைபோனதும், சர்ச்சில் லிபரல் கட்சியோடு உறவை முறித்தார். 1924 மார்ச்சில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தொகுதியில் இடைத்தேர்தல். நாடாளுமன்றம், பக்கிங்காம் அரண்மனை, நாடகக் கொட்டகைகள், காய்கறிச் சந்தை எல்லாம் அந்த ஒரே தொகுதிக்குள் அடக்கம். கன்சர்வேட்டிவ் சீட் கேட்டார். உள்ளூர்க் கட்சி, முந்தைய உறுப்பினரின் உறவினரான ஓத்தோ நிக்கல்சனைத்தான் நிறுத்துவோம் என்றது. சர்ச்சில் 'அரசியலமைப்புவாதி' என்று தனக்கே ஒரு பட்டம் சூட்டிக்கொண்டு நின்றார். கன்சர்வேட்டிவ் தலைவர்களில் பாதிப்பேர் இவருக்கு ஆதரவு, பாதிப்பேர் நிக்கல்சனுக்கு. நடன மங்கையர் விடிய விடிய உட்கார்ந்து இவருடைய பிரசார உறைகளில் முகவரி எழுதினார்கள். தொழிற்கட்சிக்காக நின்றவர் கல்கத்தாவில் பிறந்த ஃபென்னர் பிராக்வே, இந்திய விடுதலையின் உறுதியான நண்பர்.

வாக்கு எண்ணும் இடத்தில் யாரோ நூறு வாக்கில் ஜெயித்துவிட்டீர்கள் என்று சொல்லி, கைதட்டலும் எழுந்தது. கடைசிக் கட்டு வேறு சொன்னது. நிக்கல்சன் 8,187. சர்ச்சில் 8,144. மறுபடி எண்ணினார்கள். 43 அப்படியே நின்றது. பதினாறு மாதத்தில் மூன்றாவது தோல்வி. வேறு யாராக இருந்தாலும் புத்தகம் எழுதப் போயிருப்பார்கள். இவர் புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார், அடுத்த தொகுதியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த 43 வாக்குத் தோல்விதான் அவருடைய ஆகச்சிறந்த தேர்தல் முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. கன்சர்வேட்டிவ் வாக்காளர்களில் பெரும்பங்கு தன் பின்னால் வரும் என்பதைக் காட்டிவிட்டார். கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை வீழ்த்திய பழியும் வராமல் போயிற்று. ஜெயித்திருந்தால் கட்சித் தலைமை அவரை அவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்குமா என்பது சந்தேகம். அதே ஆண்டு அக்டோபரில் எஸெக்ஸ் மாவட்டத்தின் எப்பிங் தொகுதி கன்சர்வேட்டிவ் ஆதரவோடு அவருக்குக் கிடைத்தது. லண்டனை ஒட்டிய புறநகரும் கிராமங்களும் கலந்த, வசதியான வாக்காளர்கள் நிறைந்த தொகுதி. 9,763 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. பிரதமர் பால்ட்வின் அவரை நிதியமைச்சராக்கினார். தந்தை விட்டுச்சென்ற அதே நாற்காலி.

அலைச்சல் முடிந்தது. தொகுதி மறுவரையறையில் பெயர் மாறியதைத் தவிர்த்துப் பார்த்தால், அதன்பின் நாற்பதாண்டுக்கு ஒரே தொகுதிதான். 21 வயதுப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த 1929 தேர்தலில் வித்தியாசம் 4,967 ஆகச் சுருங்கியது. 1931இலும் 1935இலும் இருபதாயிரத்தைத் தாண்டியது.

பாதுகாப்பான தொகுதி ஓர் அரசியல்வாதியை என்ன செய்யும்? சர்ச்சிலுக்கு அது கட்சித் தலைமையை எதிர்க்கும் துணிச்சலைக் கொடுத்தது. அந்தத் துணிச்சலின் முதல் இலக்கு நாம்தான். 1931 ஜனவரியில், இந்தியாவுக்குத் தன்னாட்சி தரும் பேச்சைப் பால்ட்வின் ஆதரித்ததால் முன்வரிசையை விட்டு விலகினார். காந்தி வைஸ்ராய் இர்வினோடு பேசிக்கொண்டிருந்த நாட்களில், 'அரை நிர்வாணப் பக்கிரி' என்று அவரை ஏளனம் செய்த பேச்சு நம் பாடப்புத்தகங்கள் வரை வந்திருக்கிறது. அது நாடாளுமன்றத்தில் பேசியது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரி 23 அன்று எப்பிங் ஊரில், வின்செஸ்டர் ஹவுஸ் என்ற கட்டடத்தில், சொந்தத் தொகுதிக் கட்சிக்காரர்கள் முன்னால் பேசியது அது. அவர்கள் கைதட்டினார்கள். மகன் ராண்டால்ஃப் இந்தியப் பிரச்சினையையே வைத்து 1935இல் லிவர்பூலில் ஓர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று, கன்சர்வேட்டிவ் வாக்கைப் பிரித்துத் தொழிற்கட்சியை ஜெயிக்க வைத்தார்.

இந்தியாவை விட மறுத்தபோது கைதட்டிய அதே எப்பிங், ஹிட்லரை எதிர்த்தபோது முகம் சுளித்தது. 1938இல் பிரதமர் நெவில் சேம்பர்லின் மியூனிக்கிலிருந்து சமாதானத்தோடு வந்ததாக ஊரே கொண்டாடிய வேளையில், இது படுதோல்வி என்று சர்ச்சில் சபையில் பேசினார். தொகுதிக் கட்சிக்குள் கிளர்ச்சி வெடித்தது. காலின் தோர்ன்டன்-கெம்ஸ்லி என்பவர் தலைமையில் அவரை மாற்ற வேண்டும் என்று கிளைக்குக் கிளை பேச்சு. நவம்பர் 4ஆம் தேதி அதே வின்செஸ்டர் ஹவுசில் கூடினார்கள். தலைவர் ஜேம்ஸ் ஹாக்கி விடாமல் துணைநின்றார். 100க்கு 44 என்று சர்ச்சில் தப்பினார்.

தப்பியிருக்காவிட்டால்? அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில் ஒரு பதில் கிடைத்தது. மியூனிக்கை எதிர்த்த அத்தோல் சீமாட்டி, கட்சி கைவிட்டதும் பதவியை விட்டு விலகி இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். அரசியலிலிருந்தே மறைந்தார். ஒரு முப்பது உள்ளூர்க்காரர்கள் கையை மாற்றித் தூக்கியிருந்தால் 1940 மே மாதம் பிரதமராக அழைக்க சபையில் சர்ச்சிலே இருந்திருக்க மாட்டார். அவருடைய 21 தேர்தல்களையும் விட முக்கியமான வாக்கெடுப்பு, பொதுமக்கள் கலந்துகொள்ளாத இந்த அறைக்கூட்டம்தான். போர் மூண்டதும் தோர்ன்டன்-கெம்ஸ்லி மன்னிப்புக் கடிதம் எழுதினார். சர்ச்சில் பெருந்தன்மையாகவே பதில் போட்டார்.

1945க்கு முன் தொகுதி மறுவரையறையில் எப்பிங் உடைந்தது. சர்ச்சில் வுட்ஃபோர்டு பக்கத்தை எடுத்துக்கொண்டார். போர்த் தலைவருக்கு மரியாதையாகத் தொழிற்கட்சியும் லிபரலும் வேட்பாளரை நிறுத்தவில்லை. போட்டியின்றித் தேர்வாகிவிடுவார் என்று எல்லாரும் எண்ணியிருக்க, நார்தாம்டன்ஷயரிலிருந்து அலெக்சாண்டர் ஹேன்காக் என்ற விவசாயி வந்து சுயேச்சையாக மனுப் போட்டார். கட்சியில்லை, பெயரில்லை, பணமில்லை. வாக்குகள் எண்ணியபோது அவருக்கு 10,488! சர்ச்சிலுக்கு 27,688. யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பத்தாயிரம் பேர் வாக்களித்தார்கள் என்றால் அது யாருக்கு எதிரான வாக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய எப்பிங்கின் மீதிப் பகுதியைத் தொழிற்கட்சியின் லியா மேனிங் என்ற பெண்மணி கைப்பற்றினார். நாடு முழுக்கத் தொழிற்கட்சிக்கு 393 இடங்கள்.

பிறகு வந்த 1950, 1951, 1955, 1959 தேர்தல்களில் வுட்ஃபோர்டு சலிப்பு தருமளவுக்கு அவரை ஜெயிக்க வைத்தது. 1951இல் மீண்டும் பிரதமர் ஆனார், 1955இல் விலகினார். விலகியபின்னும் எம்.பி. பதவியை விடவில்லை. 1959இல் நின்றபோது வயது 84. காதும் கேட்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. தொகுதி மக்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள், கேள்வியில் நியாயமும் இருந்தது. சபையின் நீண்டகாலத் தொடர் உறுப்பினருக்குக் கிடைக்கும் 'சபையின் தந்தை' என்ற மரியாதை அவருக்கு வந்தது. 1964 ஜூலை 27 அன்று கடைசியாகச் சபைக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் பொதுத்தேர்தலில் நிற்கவில்லை. 1900க்குப் பிறகு அவர் போட்டியிடாத முதல் பொதுத்தேர்தல் அதுதான்.

அந்த நாற்பதாண்டில் அவர் செய்த ஒரு சின்ன உதவி நம் தொடருக்கு வேண்டியது. தந்தை இறந்தால் பிரபு பட்டம் தன் தலையில் விழுந்து மக்கள் சபை இடம் பறிபோகும் என்ற நிலையில், தொழிற்கட்சியின் இளம் எம்.பி. டோனி பென் அந்தச் சட்டத்தை மாற்றப் போராடிக்கொண்டிருந்தார். கொள்கையில் நேரெதிர்த் துருவமான அவருக்கு ஆதரவாக சர்ச்சில் கடிதம் கொடுத்தார். காரணம் சொந்த அனுபவம். 1895 முதல் 1897 வரை மார்ல்பரோ பிரபு பட்டத்துக்கு அடுத்த வாரிசாக இருந்தவர் பெங்களூரில் போலோ ஆடிக்கொண்டிருந்த இந்த வின்ஸ்டன்தான். பிரபுவாக இருந்த பெரியப்பா மகனுக்கு 1897 செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்ததால் தப்பினார். பிறக்காமல் போயிருந்தால் அவருக்கும் ஒருநாள் மக்கள் சபையின் கதவு அடைபட்டிருக்கலாம். டோனி பென்னுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1960இல் தந்தை இறந்ததும் நாடாளுமன்றத்தின் கதவு அவர் முகத்தில் அடைக்கப்பட்டது. வாக்காளர்கள் ஜெயிக்க வைத்தும் நீதிமன்றம் தோற்றவருக்கே பதவியைத் தூக்கிக் கொடுத்த அந்த பிரிஸ்டல் வழக்கு அடுத்த இதழில்.